இன்னொரு நம்பர்

"இன்னொரு நம்பர் கேக்குது."

"எதுக்காம்?"

"போன் தொலைஞ்சு போச்சுன்னா, நீதான் நீன்னு சாட்சி சொல்ல வேற ஒரு ஆள் வேணுமாம்."

"உங்க நம்பரையே போடுங்க. நீங்க எங்க போயிடப் போறீங்க?"

புதுப் போனைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்று கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். தையற்காரம்மா அதை இரண்டு குரலிலும் சொல்லிக் காட்டினாள். தன் குரலைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் செல்லமாக வந்துவிட்டது. உடனே எதிரே இருந்த தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"போயிட்டாரு," என்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணி அவளைப் பேச விட்டாள். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் அந்த ஒற்றை அறைக்குத் 'துப்பறியும் நிலையம்' என்று பெயர்ப்பலகை இருந்தாலும், வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கதை சொல்வார்கள், பிறகுதான் கேஸ் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு காலத்தில் செல்போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவள். தொலைத்தவர்களின் குரலை வைத்தே எது தொலைந்தது என்று சொல்லிவிடுவாள். போன் போய்விட்டதே என்று அழுபவர்கள் உண்டு. போனுக்குள் இருப்பது போய்விட்டதே என்று அழக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. இவள் இரண்டாவது வகை.

அண்ணிக்கு உதவியாளன் சின்னவன். அவள் கணவனின் தம்பி. அண்ணன் கப்பல் வேலைக்குப் போகும்போது, அண்ணியைப் பார்த்துக்கொள் என்று தம்பியிடமும், தம்பியைப் பார்த்துக்கொள் என்று அண்ணியிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதிலும் அவன் சின்னவன்தான். அவன் வாயால் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கட்டடம் முழுவதற்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

தையற்காரம்மா நடந்ததைச் சொன்னாள். நேற்று சாயங்காலம் கடையைச் சாத்தும்போது கட்டிங் டேபிள் மேல் போன் இல்லை. பக்கத்துக் கடைப் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். மணி அடித்தது. யாரோ கட் செய்தார்கள். காலையில் எழுந்ததும் போன் கம்பெனிக்குப் போய் சிம்மை முடக்கச் சொன்னாள். அதே நம்பருக்குப் புது சிம் நாளைக்குத்தான் வேலை செய்யும் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தாள். பேங்கிலும் சொல்லிவிட்டாள்.

"எல்லாமே சரியாத்தான் பண்ணியிருக்கீங்க, அக்கா," என்றான் சின்னவன். "எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க? மாலை போடவா?"

அண்ணி அவனை டீ வாங்கி வரச் சொன்னாள். கீழே கடைக்குப் போய், மூன்று டீ சொல்லி, சூடாகத்தான் வேண்டும் என்று சண்டையும் போட்டு வருவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம்தான் இந்தப் பெண்ணுக்குத் தேவை.

அவன் படியிறங்கியதும் தையற்காரம்மா சொன்னாள். அவளுடையது பெண்களுக்கு மட்டுமான கடை. கூன் விழுந்தவர்கள், ஒரு தோள் இறங்கியவர்கள், ஆபரேஷன் ஆனவர்கள் என்று, வேறு எங்கும் போய் நிற்கக் கூச்சப்படுகிறவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அளவு டேப் சொல்வது போதாது, துணி எங்கே இழுக்கிறது, எங்கே தொய்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் டிரையல் ரூமில் படம் எடுத்துக்கொள்வாள். அவர்களைக் கேட்டுக்கொண்டுதான் எடுப்பாள். தைத்து முடித்ததும் அழிக்க வேண்டும் என்று நினைப்பாள். அடுத்த துணி வந்துவிடும்.

"ஒரு டீச்சரம்மா," என்றாள். "நோய்ல ஒரு பக்க மார்பை எடுத்துட்டாங்க. உள்ள பஞ்சு வெச்சு, வெளியில தெரியாத மாதிரி நான்தான் தைச்சுக் குடுக்கறேன். அவங்க தன் வீட்டுக் கண்ணாடி முன்னாடிகூட லைட்டை அணைச்சுட்டுத்தான் டிரெஸ் மாத்துவாங்களாம். எனக்கு முன்னாடி மட்டும் லைட்டைப் போட்டு நின்னாங்க."

அந்தப் படங்களும் அந்தப் போனில்தான் இருந்தன.

டீ வந்தது. அண்ணி கம்ப்யூட்டரைத் திருப்பினாள். போன் எங்கே இருந்தாலும் இங்கிருந்தே அதைத் துடைத்துக் காலி செய்துவிடலாம், அந்தக் கணக்குக்குள் நுழைந்தால் போதும் என்றாள். பாஸ்வேர்ட் அவளுக்கு நினைவில்லை. அன்று வீட்டுக்காரர்தான் போட்டுத் தந்தார். மறந்துவிட்டேன் என்று தட்டியதும், நீங்கள் நீங்கள்தான் என்று உறுதிசெய்ய ஒரு கோட் அனுப்புகிறேன், எந்த நம்பருக்கு என்று கேட்டது. முதல் நம்பர், காலையில் அவளே முடக்கிய நம்பர். இரண்டாவது, அந்த இன்னொரு நம்பர்.

"சாவியைப் பீரோவுக்குள்ள வெச்சு பீரோவைப் பூட்டின மாதிரி இருக்கு," என்றான் சின்னவன். "நல்லவேளை, டூப்ளிகேட் சாவி இருக்கே. அனுப்பட்டுமா?"

"வேணாம்," என்றாள் தையற்காரம்மா. "அவர்கிட்ட மட்டும் வேணாம். வேற வழி பாருங்க."

வேறு வழி என்றால் போனைத் தேடுவதுதான். மூன்று பேரும் சின்னவனின் பழைய காரில் கடைக்குப் போனார்கள்.

சின்னக் கடை. வாசல் பக்கம் இரண்டு தையல் மெஷின், நடுவில் கட்டிங் டேபிள், பின்னால் திரை போட்ட டிரையல் ரூம். டேபிள் மூலையில் இஸ்திரிப் பெட்டி. அதற்குப் பக்கத்தில் பிளக். பிளக்கிலிருந்து சார்ஜர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

போனில் பூட்டு இருக்கிறது, அது யாருக்கும் தெரியாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். கைரேகைப் பூட்டு அவளுக்குச் சரிப்படாது. ஊசி குத்தியும் இஸ்திரிச் சூட்டிலும் தேய்ந்த விரல், பத்துத் தடவை வைத்தால் ஒரு தடவைதான் திறக்கும். அதனால் புள்ளிகளை இணைத்துக் கோடு போடுகிற பூட்டு.

அண்ணி டேபிளிலிருந்து ஒரு சாக் துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். துணியில் எப்போதும் போடுவது போல ஒரு கோடு போடச் சொன்னாள். பிறகு சின்னவனின் போனை வாங்கி, அணைந்திருந்த திரைமேல் உங்கள் பூட்டைப் போட்டுக் காட்டுங்கள் என்றாள்.

தையற்காரம்மா விரலை ஓட்டினாள். அண்ணி போனை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். கறுப்புக் கண்ணாடியில், விரலில் ஒட்டியிருந்த சாக் பொடியால் வெள்ளையாக ஒரு கோடு. மேலிருந்து இறங்கி, வளைந்து, மறுபக்கம் ஏறியது.

"ஜாக்கெட் கழுத்து வெட்டு," என்றான் சின்னவன், தன்னை மறந்து.

"கைக்குப் பழகின கோடு," என்றாள் தையற்காரம்மா, குரல் இறங்கி. "தினம் சாயங்காலம் துடைச்சுடுவேனே."

"சாயங்காலம் துடைப்பீங்க. பகல் முழுக்க?"

அவள் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். இத்தனை நாளும் தன் விரலே தன் பூட்டை எழுதி எழுதி டேபிள் மேல் வைத்திருக்கிறது என்பதை அவள் மனம் வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அண்ணி அதற்குள் சார்ஜர் ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முனை ஆடிப்போயிருந்தது. இதில் எப்படி சார்ஜ் ஏறும் என்று கேட்டாள். ஏறாது, போன் ஓட்டையும் லூஸ், காலர் விறைப்பாக நிற்க வைக்கும் கேன்வாஸில் ஒரு துண்டை மடித்து ஒயருக்கு முட்டுக் கொடுத்தால்தான் ஏறும் என்றாள் அவள்.

"அந்தத் துண்டு எங்க?"

டேபிளுக்குக் கீழே ஒரு கூடை நிறைய வெட்டுத் துண்டுகள் இருந்தன. சின்னவன் மண்டி போட்டுக் கூடையைக் கொட்டினான். புதுக் கேன்வாஸ் துண்டுகள் நிறையக் கிடைத்தன. மடித்து மடித்து மரச்சில்லு போல இறுகிய அந்தப் பழைய துண்டு இல்லை. டேபிள் மேலும் இல்லை, பிளக்குக்குப் பின்னாலும் இல்லை.

அண்ணி பிளக்கின் பக்கத்திலேயே நின்றாள். யோசிக்கும்போது அவள் கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள்.

"வழியில போற திருடன் போனைப் பிடுங்கிட்டு ஓடுவான். துண்டு கீழ விழுந்திருக்கும். அவனுக்கு அது குப்பை," என்றாள். "இவன் குப்பையையும் எடுத்துட்டுப் போயிருக்கான். அது இல்லாம இந்தப் போனுக்கு உயிர் ஏறாதுன்னு தெரிஞ்சவன். அடிக்கடி இங்க உக்காந்து பார்த்தவன்."

சின்னவன் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தையற்காரம்மா உட்கார்ந்திருந்த ஸ்டூலையே காட்டினான். வருகிறவர்களுக்கு வாசல் பக்கம் நல்ல நாற்காலி இருக்கும்போது, பிளக்கை ஒட்டி இந்தக் குட்டை ஸ்டூல் யாருக்கு என்று கேட்டான்.

அவள் முகம் மாறியது. பட்டன்காரர் என்றாள். நூல், பட்டன், ஜிப் எல்லாம் கொண்டுவந்து போடுகிறவர். வந்தால் தன் போனைச் சார்ஜ் போட்டுவிட்டு, அது ஏறும்வரை அங்கேதான் உட்காருவார். நேற்றும் வந்தார். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்றாள். அவளுடைய முழங்கால் வலியை மறக்காமல் விசாரிப்பார். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போய்த் தன் பட்டறையிலேயே தங்கிவிட்டார் என்று தெரிந்தபோது, உனக்காக நான் பேசிப் பார்க்கட்டுமா அம்மா என்று கேட்ட ஒரே மனுஷர் அவர்தான்.

"இவ்வளவு நல்லவரா," என்றான் சின்னவன். "அப்ப அவர்தான்."

பட்டன்காரரின் நம்பர் தொலைந்த போனுக்குள் இருந்தது. யாருடைய நம்பரும் அவளுக்கு மனப்பாடம் இல்லை, ஒரே ஒரு நம்பரைத் தவிர. பட்டன் டப்பா மேல் ஒட்டியிருந்த மொத்தக் கடையின் நம்பருக்கு அண்ணி பேசினாள். அந்த ஆள் எங்களிடம் வேலையை விட்டு ரொம்ப நாளாயிற்றே, இன்னும் எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு சுற்றுகிறானா என்று கேட்டார்கள். அவர்கள் கொடுத்த நம்பரைக் கூப்பிட்டால், அது உபயோகத்தில் இல்லை.

வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. யார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்து ஒரு உபயோகமும் இல்லை. அவன் கையில் போன் இருக்கிறது, முட்டுக் கொடுக்கத் துண்டு இருக்கிறது, பூட்டைத் திறக்கக் கோடு இருக்கிறது. இவர்களிடம் ஒரு டப்பா பட்டன் இருந்தது.

"பட்டன்காரரைத் தேடறது என் வேலை. தேடுவேன்," என்றாள் அண்ணி. "ஆனா நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள அந்த டீச்சரம்மா படம் எங்கெங்க போகும்னு என்னால சொல்ல முடியாது. அதை நிறுத்தறதுக்கு ஒரே ஒரு வழி இருக்கு. அது உங்களுக்குத் தெரியும்."

தையற்காரம்மா டிரையல் ரூம் திரையைப் பார்த்தாள். எழுந்து போய் அதை ஒழுங்காக இழுத்து மூடினாள். பிறகு கடைச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, போலாம் என்றாள்.

காரில் பின் சீட்டிலிருந்து, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். சண்டை இந்தப் படங்களால்தான் வந்தது. சார்ஜ் ஓட்டையைச் சரி பண்ண இவள் திறந்து கொடுத்த போனில் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். காலை வணக்கம் அனுப்புகிற அதே போனில் இதெல்லாம் இருக்கலாமா, அழி, இல்லாவிட்டால் தனியாகப் பூட்டி வை என்றார். கடையில் ஆட்கள் இருக்கும்போது சொன்னார். என் கடை, என் தொழில், பிடிக்கவில்லை என்றால் போங்கள் என்றாள் இவள். போய்விட்டார். அப்புறம் வாய்ஸ் மெசேஜாக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

ஏன் என்று சின்னவன் கேட்டான்.

"அட்வைஸா இருக்கும்," என்றாள்.

சின்னவன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, கியரை மாற்றினான்.

அவர் தையல் மெஷின் மெக்கானிக். பட்டறை ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் கழற்றிப் போட்ட மெஷின்கள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அளவு வழி. எண்ணெய் வாசனை. கடைசியில் ஒரு கயிற்றுக் கட்டில், அதன்மேல் மடித்து வைத்த போர்வை. மனைவியின் கண் முதலில் அந்தப் போர்வைக்குத்தான் போனது.

அவர் எழுந்தார். கையை எதில் துடைப்பது என்று தெரியாமல் சட்டையிலேயே துடைத்தார். முகத்தில் ஆச்சரியம் குறைவாகவும் சந்தோஷம் அதிகமாகவும் இருந்தது. அண்ணி அதைக் கவனித்தாள். ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் ஒரு மனிதர் ஆச்சரியப்படவில்லை என்றால், அங்கே ஏதோ இருக்கிறது.

"சாயங்காலம் வரேன்னுதானே சொன்னே," என்றார் அவர். "அதுக்குள்ளயே வந்துட்டே."

"நான் வரேன்னு யார் சொன்னா?"

"நீதான்."

மனைவி ஒன்றும் புரியாமல் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தான் யார் என்று சொல்லி, போன் காணாமல்போனதைச் சொல்லி, உங்கள் போனைக் கொஞ்சம் காட்டுங்கள் என்று கை நீட்டினாள்.

அவர் மனைவியின் நம்பரை 'வீடு' என்று பதிந்து வைத்திருந்தார். அந்தத் தலைப்புக்குக் கீழே வரிசையாக அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். அவை முடிந்த இடத்தில், இன்று மத்தியானம் வீட்டிலிருந்து ஒரு வரி: ஒரு கோட் வரும், அனுப்புங்க. அதற்கு அவர் கோட் நம்பரையும் அனுப்பி, கூடவே எழுதியிருந்தார்: எப்படி இருக்க? சாப்பிட்டியா? வீடு பதில் சொல்லியிருந்தது: நல்லா இருக்கேன். நீங்க லேட் பண்ணிட்டீங்க, அந்தக் கோட் செல்லாது. கொஞ்ச நேரத்துல இன்னொண்ணு வரும், உடனே அனுப்புங்க. சாயங்காலம் வரேன்.

சிம்மைத்தான் காலையிலேயே முடக்கியாயிற்றே, எப்படி மெசேஜ் வரும் என்று சின்னவன் கேட்டான். சிம் செத்தாலும் எங்காவது வைஃபை கிடைத்தால் இந்த மெசேஜ் எல்லாம் உயிரோடுதான் இருக்கும் என்றாள் அண்ணி. சிம் முடங்கியதால் கோட் இனி அந்தப் போனுக்கு வராது. அதனால்தான் அவன் இன்னொரு நம்பருக்கு வந்திருக்கிறான். கோட் கிடைத்தால் பாஸ்வேர்டை மாற்றிவிடுவான். அப்புறம் நம்மால் எதையும் துடைக்க முடியாது.

"நீங்க ஏன் லேட் பண்ணினீங்க?" என்று அவரைக் கேட்டாள்.

அவர் ஒரு மெஷினின் சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டார். கோட் உடனே வந்துவிட்டது என்றார். இவ்வளவு நாள் கழித்து வெறும் நம்பரை மட்டும் அனுப்ப மனசு வரவில்லை. ஏதாவது எழுதலாம் என்று எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். கடைசியில் சாப்பிட்டியா என்பதுதான் நின்றது.

"நீங்க தயங்கின அந்த நேரம்தான் இதுவரைக்கும் காப்பாத்தியிருக்கு," என்றாள் அண்ணி.

மனைவிக்கு அது காதில் விழவில்லை. "நான் எப்பவாவது நல்லா இருக்கேன்னு எழுதுவேனா?" என்றாள். "எப்படி நம்பினீங்க?"

அவர் போனில் அந்த வாய்ஸ் மெசேஜ்களைக் காட்டினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் இருந்த சின்ன மைக் படம் நீலமாக இருந்தது. நேற்று ராத்திரி வரை எல்லாம் சாம்பல் நிறம் என்றார். ராத்திரி ஒன்றன்பின் ஒன்றாக நீலமாக மாறின. கட்டிலில் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ கேட்டுட்டேன்னு நெனச்சேன்," என்றார். "எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இன்னைக்கு எழுதறேன்னு."

அவள் மெல்லத் தலையாட்டினாள். "அது நான் இல்லை."

அவர் போனை ஏதோ சுட்டது போல மெஷின் மேல் வைத்துவிட்டார். ஒருவருக்காக மட்டும் பேசியதை முகம் தெரியாத ஒருவன் வரிசையாக, பொறுமையாகக் கேட்டிருக்கிறான். கேட்டு, அந்த ஏக்கத்தையே சாவியாக்கிக் கதவைத் தட்டியிருக்கிறான். டிரையல் ரூமில் லைட்டைப் போட்டு நின்ற டீச்சரின் நிலைமை என்னவென்று அந்தப் பட்டறையில் அப்போது அவருக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கும்.

மெஷின் மேல் இருந்த போன் வெளிச்சமானது.

'வீடு' ஆன்லைனில் இருந்தது. நான்கு பேரும் குனிந்து பார்த்தார்கள். வீடு எதையோ டைப் செய்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி இரண்டு கையும் வெறுமையாக அதன் முன்னால் நின்று, தன் பெயரில் வேறு ஒருவன் பேசப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோட் வந்துச்சா, என்று கேட்டது வீடு. கூடவே புதுக் கோட் நம்பரும் வந்து விழுந்தது.

"பதில் போடாதீங்க," என்றாள் அண்ணி. "இது அவன் கேட்ட கோட். தொடாதீங்க. சின்னவா, உன் போனைக் குடு."

சின்னவனின் போனில் தையற்காரம்மாவின் கணக்கைத் திறந்து, பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன், இன்னொரு நம்பருக்கு அனுப்பு என்று தட்டினாள். மெஷின் மேல் இருந்த போனில் புதிதாக ஒரு கோட் வந்தது. அவர் போனை எடுத்தார். மனைவியைப் பார்த்தார். ஏமாந்தவரின் பயம் அவர் முகத்தில் இன்னும் இருந்தது.

"நீதானே?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பாதியிலேயே கண் நிறைந்தது. "நான்தான்," என்றாள்.

அவர் ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள். கதவு திறந்தது. புதுப் பாஸ்வேர்டை அவளே போட்டாள், யாருக்கும் காட்டாமல். சின்னவன்கூட மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு மேப் வந்தது. அதில் பச்சையாக ஒரு புள்ளி. ரயில் நிலையம்.

சின்னவன் கார் சாவியை எடுத்துவிட்டான். பக்கம்தான், வெயிட்டிங் ஹாலில் ஓசி வைஃபையில் உட்கார்ந்திருக்கிறான், ரயில் ஏறுவதற்குள் பிடித்துவிடலாம் என்றான். அண்ணி அசையவில்லை. திரையின் கீழே இருந்ததைப் படித்துக் காட்டினாள். அழிக்கச் சொன்னால் போனில் இருப்பதெல்லாம் போய்விடும். அதன் பிறகு அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று இங்கே தெரியாது. துரத்த வேண்டுமானால் புள்ளி வேண்டும். அழிக்க வேண்டுமானால் புள்ளியை விட வேண்டும்.

"ரெண்டும் முடியாதா?" என்று கேட்டான் சின்னவன்.

"அவன் வைஃபையை விட்டு வெளிய வந்துட்டா ரெண்டுமே முடியாது. ஸ்டேஷனுக்கு நான் போன் போடறேன். ஆனா இதை முடிவு பண்ண வேண்டியது நீயும் நானும் இல்லை."

தையற்காரம்மா பச்சைப் புள்ளியைப் பார்த்தாள். கையில் இருக்கும் துணிகளுக்கெல்லாம் அளவு அதற்குள்தான் இருக்கிறது. அவளிடம் அன்பாக முழங்கால் வலி விசாரித்தவனைச் சட்டையைப் பிடித்து நிறுத்தி ஒரு கேள்வி கேட்க அந்தப் புள்ளிதான் வழி. தேய்ந்த விரல் ஒரு கணம் திரைக்கு மேலேயே நின்றது.

அழுத்தினாள்.

புள்ளி மறைந்தது. மெஷின் மேல் இருந்த போனில் 'வீடு' ஆன்லைனில் இல்லை.

அண்ணி வாசலில் நின்று ரயில்வே போலீசிடம் பேசினாள். அடையாளம் கேட்டார்கள். தோளில் பை மாட்டிய நடுத்தர வயது ஆள் என்றால், இங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், பார்க்கிறோம் என்றார்கள்.

உள்ளே வந்தவளிடம் தையற்காரம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். இனிமேல் பயமில்லையா?

அண்ணியால் பொய் சொல்ல முடியவில்லை. "போன்ல இப்ப ஒண்ணும் இல்லை. நேத்து ராத்திரியே அவன் வேற எங்கயாவது எடுத்து வெச்சிருந்தா, அதை என்னால அழிக்க முடியாது. வெச்சிருக்கானான்னு தெரிஞ்சுக்கவும் வழி இல்லை."

சின்னவன் எடுத்த கார் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டான்.

நாளைக் காலை டீச்சர் வீட்டுக்குப் போகிறேன் என்றாள் தையற்காரம்மா. வேறு யாரோ சொல்லித் தெரிவதற்கு முன் தன் வாயால் சொல்ல வேண்டும். திட்டட்டும், கதவைச் சாத்தட்டும். மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகப் போக வேண்டும்.

"நானும் கூட வரேன்," என்றார் அவர். சொல்லிவிட்டு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று பக்கத்து மெஷினில் ஒரு ஸ்க்ரூவை முடுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

அண்ணி சின்னவனுக்குக் கண் காட்டினாள், கிளம்பலாம் என்று. ஆனால் வாசலுக்கு இருந்த ஒரே வழியில் கணவனும் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் புகுந்து போக முடியாது. இருவரும் திரும்பி, அலமாரியில் அடுக்கியிருந்த, நூல் சுற்றும் பாபின்களை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

"அதுல என்ன சொல்லியிருந்தீங்க?" என்ற குரல் பின்னால் கேட்டது. "எல்லாத்துலயும் அந்தப் படத்தை அழின்னுதானா?"

"இல்லை."

"பின்ன?"

போனை எடுத்தார். அவர் அனுப்பியவைதானே, அவர் பக்கம் எல்லாம் பத்திரமாக இருந்தன. கடைசி வாய்ஸ் மெசேஜின் மேல் அவர் விரல் போனது.

சாக் படிந்த ஒரு கை வந்து திரையை மூடியது.

"போன்ல வேணாம். அதை யாரோ கேட்டாச்சு," என்றாள் அவள். "எனக்கு நீங்க சொல்லுங்க."

அலமாரியின் முன்னால் சின்னவன் பாபின்களை எண்ணத் தொடங்கினான். அவர் போனை மெஷின் மேல் கவிழ்த்து வைத்தார். பிறகு அவர் சொன்னார். வாய்ஸ் மெசேஜில் பலமுறை சொல்லிப் பழகியதாக இருந்தும், இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்வது போல அவருக்குக் குரல் உடைந்தது.

"நானா திரும்பி வந்து கதவைத் தட்ட வெக்கமா இருக்கு. நீ வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."